மறு: ஒளியால் மூளையைப் பார்ப்பது - ஊடொளியா, சிதறொளியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இழையைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். கேள்வியைக் கிளப்பியவனே நான்தான், இனியும் ஒளிந்திருந்தால் நன்றாயிருக்காது.

புதிதாக வந்தவர்களுக்கு: என் அக்காள் மகள் பாஸ்டனில் படிக்கிறாள். அங்கே பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நியூரோபோட்டானிக்ஸ் மையம் என்று ஒன்று இருக்கிறது. மூளையை ஒளியால் ஆராய்வதுதான் வேலை. விடுமுறைக்கு மொரிசியஸ் வந்தவளை ரோஸ் ஹில்லில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறேன். அவள் எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சமாளித்துவிடுவாள். தலைக்குள் ஒளியை அனுப்பி மூளையின் வேலையைப் பார்க்கும் முறைக்குக் கரும்பலகையில் எழுத எனக்குத் தமிழ்ச் சொல் வேண்டும். அதைத்தான் இங்கே கேட்டிருந்தேன்.

முதலில் வந்த பரிந்துரை ‘செயல்சார் அண்மை அகச்சிவப்பு நிறமாலையியல்’, functional near-infrared spectroscopy என்ற ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் அதைப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ‘மூளை ஒளிப்படமாக்கம்’ சுருக்கமாக இருக்கிறது. அதில் வேறு சிக்கல். ஒளிப்படம் என்றால் போட்டோ என்று நாமே பழக்கிவிட்டோம். கல்யாண வீட்டில் எடுப்பதும் ஒளிப்படம், மூளையில் எடுப்பதும் ஒளிப்படம் என்றால் எப்படி?

கோலாலம்பூர் ஐயா சொன்ன ‘ஊடொளி’யைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். ஊடுகதிர் என்று எக்ஸ்ரேக்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது. அதற்குத் தம்பி மாதிரி ஊடொளி, ஊடுருவிப் போகும் ஒளி. காதுக்கும் இனிமை. இரண்டு நாள் அதையேதான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மனம் மாறியதற்குக் காரணம் ஒரு டார்ச் விளக்கு.

1994 பிப்ரவரியில் ஹொலாண்டா புயல் அடித்தபோது எங்கள் வீட்டில் பல நாள் மின்சாரம் இல்லை. நானும் அக்காவும் டார்ச் விளக்கின் முகத்தை உள்ளங்கையால் மூடி விளையாடுவோம். விரல்கள் நெருப்புத்துண்டு மாதிரி சிவக்கும். ‘எலும்பு தெரியுதா பார்’ என்பாள். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. நேற்றிரவு கைப்பேசி விளக்கை வைத்து மறுபடி பார்த்தேன். இப்போதும் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பதில்தான் நமக்கு வேண்டிய சொல் இருக்கிறது. எக்ஸ்ரே பெரும்பாலும் நேர்கோட்டில் போய் வெளியே வருகிறது. அதனால் எலும்பின் நிழல் விழுகிறது. ஒளி சதைக்குள் நுழைந்ததும் மோதி மோதித் திசை மாறுகிறது. பாலில் விளக்கு காட்டினால் பால் முழுக்க ஒளிருமே, அப்படி. நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மிஞ்சுகிறது. சிவப்பைத் தாண்டிய அகச்சிவப்பு இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். ஏறக்குறைய 650 முதல் 900 நானோமீட்டர் வரை உடம்பு திறந்து வைத்திருக்கும் சன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சன்னல் வழியாக மூளையின் ஆக்சிஜன் நிலையைப் பார்க்கலாம் என்று பிரான்ஸ் யோப்சிஸ் (Frans Jöbsis) என்ற ஆராய்ச்சியாளர் காட்டியது 1977இல்.

கருவி பார்க்க ஒரு தொப்பிதான். தலையில் ஓரிடத்தில் ஒளி உள்ளே போகிறது. சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளி இன்னோரிடத்தில் வெளியே வருவதைப் பிடிக்கிறார்கள். உள்ளே போனதில் மிகச் சிறு பங்குதான் திரும்பும். அது வரும் பாதை வளைந்திருப்பதால் ஆராய்ச்சியாளர்களே வாழைப்பழம் என்கிறார்கள். ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் இறங்கிய இரத்தமும் ஒளியை ஒரே மாதிரி விழுங்குவதில்லை. இரண்டு மூன்று நிற ஒளியை அனுப்பி, எது எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், வேலை செய்யும் பகுதிக்கு இரத்தம் கூடுதலாக வரும் என்பதை வைத்து, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று ஊகிக்கலாம். அதுவும் மேல்பரப்பில் மட்டும். மண்டையோடு மெல்லியதாக இருக்கும் கைக்குழந்தைகளுக்கு இது நன்றாக ஒத்துவருகிறது.

டர்பன் அக்கா கேட்டது நியாயமான கேள்வி: விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இதே கணக்குதானே, அங்கே ஒளி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வருகிறதே, அது ஊடொளி இல்லையா? சரிதான் அக்கா, விரலுக்குச் சரி. வளர்ந்த ஆளின் தலை அவ்வளவு மெல்லியதல்ல. நெற்றியில் நுழைந்த ஒளியைப் பிடரியில் தேடி உட்கார முடியாது. இங்கே சிதறித் திரும்புவதுதான் சங்கதி.

ஆகவே என் சொல் ‘சிதறொளி’. சிதறொளித் தொப்பி, சிதறொளிப் படம், சிதறொளிமானி. வாயில் அடங்குகிறது, வேறு சொற்களோடு ஒட்டவும் வளைகிறது. எங்கள் தீவில் கிரியோல் பேசுகிறவர்கள் எல்லோரும், தமிழர் அல்லாதவர்களும்கூட, சந்தையில் பீர்க்கங்காயைப் பிப்பங்காய் என்றும் முருங்கைக் கீரையை ப்ரேத் முரூம் என்றும் கேட்டு வாங்குகிறார்கள். எந்தக் குழுவும் உட்கார்ந்து தீர்மானம் போடவில்லை. நாக்குக்குச் சுலபமாக இருந்தது, தங்கிவிட்டது. நிறமாலையியலுக்கு அந்த யோகம் வாய்க்கும் என்று தோன்றவில்லை.

ஓர் ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். அதே மையத்தில் இரட்டை ஒளியன் (ஒளியன் என்றால் போட்டான், ஒளியின் துகள்) நுண்ணோக்கியும் வைத்திருக்கிறார்கள், 1990இல் டெங்க் குழுவினர் செய்து காட்டியது. அதில் இரண்டு ஒளியன்கள் ஒரே கணத்தில் ஒரே புள்ளியில் சேர்ந்தால்தான் திசுவில் ஏற்றிய சாயம் ஒளிரும். வழியில் சிதறிப்போனவை வீண். ஒன்று சிதறலை வைத்துப் பிழைக்கிறது, இன்னொன்று சிதறலை ஏமாற்றுகிறது. எனவே சிதறொளியை மையத்தின் பெயராக்க வேண்டாம். மையத்துக்கு ‘நரம்பொளியியல் மையம்’ போதும். போட்டானிக்ஸ் என்பதற்கு ஒளியியலா ஒளியனியலா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, அது தனி இழை.

யாழ்ப்பாணத்து நண்பருக்கு: அகச்சிவப்பா செங்கீழா என்று கேட்டீர்கள். சிவப்புக்குக் கீழே என்ற பொருள் செங்கீழில்தான் நேராக வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே எங்களுக்கு வரும் பாடநூல்கள் தமிழ்நாட்டிலிருந்து. பலகையில் அகச்சிவப்பு என்று எழுதி, பக்கத்தில் செங்கீழையும் போட்டுவிடுகிறேன்.

மறுப்பு இருப்பவர்கள் வெள்ளி இரவுக்குள், மொரிசியஸ் நேரப்படி, எழுதுங்கள். பிள்ளைகளை ஆளுக்கொரு டார்ச் விளக்கு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.