1,250 என்று அடித்தால் ஆர்டரில் 1 என்று ஏறுகிறது

காரைக்குடி வெப்:
ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் ஆர்டர் படிவத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கல் எண்ணிக்கைப் பெட்டியில் ஒருவர் 1,250 என்று கமாவோடு அடித்தார். ஆர்டரில் 1 என்றுதான் வந்தது. பிழைச் செய்தியும் இல்லை. சதுர அடிப் பெட்டியைக் காலியாக விட்டாலும் தேறிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் முதல் பெட்டிக்கு பார்ஸ்இன்ட் (parseInt, அடித்ததை முழு எண்ணாக்குவது), இரண்டாவதற்கு நேராக இஸ்நேன் (isNaN, எண் இல்லையா என்று பார்ப்பது). கல் கையால் ஊற்றுவது. எண்ணிக்கை குறைந்து, பிறகு மறுபடி ஊற்றினால் அதே ஷேடு வருவது கஷ்டம். எங்கே பார்க்கட்டும்?

தேவகோட்டை தம்பி:
இன்புட் டைப்பை நம்பர் என்று மாற்றுங்கள், பிரவுசரே பார்த்துக்கொள்ளும்.

பள்ளத்தூர்க்காரர்:
தம்பி, அது மட்டும் போதாது. எண்ணாகப் புரியாததை அடித்தால் ஸ்கிரிப்டுக்கு வெற்றுச் சரம்தான் (எழுத்தே இல்லாத உரை) வரும். ஸ்டெப் (step, எண் எத்தனை எத்தனையாகக் கூடலாம் என்பது) கொடுக்காவிட்டால் 362.5 சதுர அடியையும் படிவம் ஏற்காது.

பார்ஸ்இன்ட் இடமிருந்து படித்துக்கொண்டே போகும். இலக்கம் அல்லாதது வந்ததும் நின்று, அதுவரை கிடைத்ததைக் கொடுத்துவிடும். அதனால்தான் கமாவுக்கு முன்னால் இருந்த 1 மட்டும் வந்தது. "12 கல்" என்றாலும் சத்தமில்லாமல் 12. இஸ்நேன் கொடுத்ததை முதலில் எண்ணாக மாற்றிப் பார்க்கும். காலிச் சரமும் வெறும் ஸ்பேஸும் 0 ஆகிவிடும், 0 எண்தானே, தேறிவிடும்.

முதலில் ட்ரிம் செய்து (முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸை வெட்டி), காலியா என்று பாருங்கள். அப்புறம் கமாவை நீக்குங்கள். நம் ஊரில் 1,25,000 என்று போடுவார்கள்; வெளிநாட்டிலிருந்து பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கிறவர் 125,000 என்பார். இருவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அதன் பிறகு முழுச் சரமும் இலக்கம்தானா என்று ரெஜெக்ஸில், அதாவது எழுத்துகளின் வடிவத்தைச் சரிபார்க்கும் விதியில், சோதித்து (சதுர அடிக்கு ஒரு புள்ளி இருக்கலாம்), கடைசியில்தான் Number() கொண்டு எண்ணாக மாற்ற வேண்டும். ரெஜெக்ஸ் இல்லாவிட்டால் 1e5 என்பதையும் ஒரு லட்சமாக எடுத்துக்கொள்ளும்.

பட்டறைக்காரர் செய்வதையே படிவமும் செய்யட்டும்: 10 அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 144 கல். 868 சதுர அடிக்கு (1,250 கல் பிடிக்கும் இடம்) ஒரு கல் என்று வந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். இத்தனை சோதனையும் சர்வரிலும் இருக்கட்டும். பிரவுசர் சோதனையை யாரும் தாண்டிவிடலாம்.

காரைக்குடி வெப்:
மாற்றிவிட்டேன் அண்ணே, 1,250 சரியாக ஏறுகிறது, காலிப் பெட்டியும் நிற்கிறது. மொபைல் எண்ணுக்கும் இதேதானா?

பள்ளத்தூர்க்காரர்:
வேண்டாம். அதை எண்ணாக மாற்றவே மாற்றாதீர்கள். முன்னால் உள்ள 0 போய்விடும், + அடையாளமும் நிற்காது. இன்புட் டைப்பை டெல் (tel, தொலைபேசி எண்ணுக்கான வகை) என்று வைத்து, சரமாகவே சேமியுங்கள்.