மகிஷாசுரமர்த்தினி குகை: படம் தட்டையாக வருகிறது, லென்ஸ் மாற்ற வேண்டுமா?

மடிப்பாக்கம்_வாசி:
போன ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போனேன். டிபன் முடித்துக் கிளம்பி, கலங்கரை விளக்கப் பாறையில் ஏறும்போது மணி பதினொன்றரை. மச்சானிடம் இரவல் வாங்கிய கேமரா, 18-55 கிட் லென்ஸ். குகைக்குள் எடுத்த நாற்பது படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. துர்க்கை சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை இழுக்கிறாள், எருமைத்தலையன் கதாயுதத்தைப் பிடித்தபடி பின்னால் சாய்கிறான். நேரில் பார்த்தபோது சிலிர்த்தது. படத்தில் சாம்பல் நிறச் சுவர், அவ்வளவுதான். தூண்களுக்கு நடுவே தெரியும் வெளியெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது. ஃபிளாஷ் போட்டேன், இன்னும் மோசம். 50 எம்எம் 1.8 லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

கேமரா_பைத்தியம்:
வாங்குங்கள், இருட்டுக்கு நல்லது. ஆனால் குகைக்குள் பின்னால் போக இடமிருக்காது, முழுச் சிற்பமும் அடங்காது. ட்ரைபாட் எடுத்துப் போங்கள்.

பெரம்பூர்_ஸ்டூடியோ:
ட்ரைபாட் வேண்டாம் தம்பி. தொல்லியல் துறை இடங்களில் அதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும், அலுவலகம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. நாற்பது படத்துக்காக அங்கே எதற்கு அலைய வேண்டும்?

உங்கள் லென்ஸில் கோளாறு இல்லை, கோளாறு அந்தப் பதினொன்றரையில். குகை கிழக்கு பார்த்தது. துர்க்கை இருப்பது பின்சுவரில் இல்லை, உள்ளே நுழைந்தால் வலது கைப் பக்கம், வடக்குச் சுவரில். காலையில் வெளிச்சம் வாசல் வழியாக வந்து அந்தச் சுவரை உரசிக்கொண்டு போகும். அப்போதுதான் வில் பிடித்த கைக்குப் பின்னால் நிழல் விழும். புடைப்புச் சிற்பத்தில் நாம் பார்ப்பதே நிழலைத்தான். உச்சி வெயிலில் தரையில் பட்டு எகிறும் ஒளி எல்லா இடத்தையும் ஒரே மாதிரி நிரப்பிவிடும். ஃபிளாஷோ நேர் எதிரே நின்று மிச்சமிருக்கும் நிழலையும் துடைத்துவிடும். முப்பது வருஷம் கல்யாண வீடுகளில் ஃபிளாஷ் அடித்தவன் சொல்கிறேன், அங்கே அதைத் தொடாதீர்கள். முதல் தடவை போனபோது நானும் அடித்தேன். துர்க்கைக்கு எண்ணெய் தடவிவிட்ட மாதிரி வந்தது.

இன்னொன்று, மாதம் பார்த்துப் போங்கள். மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் ஒளி வடக்குச் சுவர்ப் பக்கம் சாயும். ஆனி, ஆடியில் வடகிழக்கு. அப்போது எதிர்ச் சுவரில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளின் முறை. ஒரு சுவரில் இவ்வளவு ஓட்டம், எதிரே அசையாத உறக்கம். கால்மாட்டில் மது, கைடபன் என்ற அசுரர்கள் கதாயுதத்தோடு நிற்கிறார்கள், அவர் கண் திறக்கவில்லை. இரண்டையும் ஒரே நாளில் நன்றாக எடுக்க ஆசைப்படாதீர்கள்.

மாமல்லபுரத்திலேயே இருக்கும் வராகக் குகை மேற்கு பார்த்தது. அது சாயங்கால வேலை.

கையில் பிடித்து எடுக்கும்போது ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 1600 வரை தயங்காமல் ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி தட்டினாலும் கல்லில் தெரியாது, கல்லே அப்படித்தான். நான் ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டிப் போவேன். தரையில் வைத்து அதன்மேல் கேமரா, இரண்டு நொடி டைமர், மூச்சை அடக்கினால் போதும். சிற்பத்தின் மேல் மட்டும் சாய வேண்டாம். வெளுத்துப் போகும் வெளியைச் சட்டத்திலிருந்து தள்ளிவிடுங்கள். வெளியும் வேண்டுமென்றால் வெளியே வந்து, குகையையும் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஒலக்கனேசுவரர் கோயிலையும் சேர்த்து எடுங்கள்.

அப்புறம், எல்லாரும் விட்டுவிட்டு வரும் ஒன்று. முடிக்காத குகைகளில் பாறையைக் கட்டம் கட்டமாக வெட்டிப் பெயர்த்த தடம் அப்படியே இருக்கிறது. சாய்வெயிலில் அந்த உளித்தழும்புகள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். எனக்கு அது துர்க்கைக்குக் குறைந்த படம் இல்லை.

செங்கை_காரன்:
கூட்டம் பிடிக்காது என்றால் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வல்லம் வாருங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து எடுத்த கோயில். அவனுக்கு அடங்கிய வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன் எடுத்தது. தூணில் பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று மகேந்திரனின் பட்டப்பெயர்கள் தமிழிலேயே வெட்டியிருக்கும். பூசை நடக்கும் கோயில் என்பதால் குருக்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

மடிப்பாக்கம்_வாசி:
பெரம்பூர் சார், ரொம்ப நன்றி. லென்ஸ் காசு மிச்சம். விடியற்காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன், "அப்போ டிபன்?" என்றார். மார்கழி வரை மச்சான் கேமராவைத் திருப்பிக் கேட்காமல் இருக்க வேண்டும், அதுதான் இப்போது கவலை.

பெரம்பூர்_ஸ்டூடியோ:
வெண்பொங்கலைத் தூக்குவாளியில் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் குரங்குகள் இருக்கும், மூடியைக் கெட்டியாகப் போடுங்கள்.