'குளிர்த்தொடக்கப் புகை' என்ற சொல்லுக்கு ஒரு மாற்று

அன்பர்களுக்கு வணக்கம்.

நெடுநேரம் நின்ற காரை இயக்கியவுடன் சைலன்சரிலிருந்து வரும் புகைக்கு, நம் கலைச்சொல் விவாதத்தில் 'குளிர்த்தொடக்கப் புகை' (cold start smoke) என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. சொல்லின் அமைப்பில் குறையில்லை. ஆனால் அது படிப்பவரின் எண்ணத்தைப் பனிக்காலத்தை நோக்கித் திருப்பிவிடும். இங்கே பேசப்படுவது வானிலை அன்று, பல மணி நேரம் ஓடாமல் நின்று சுற்றுக்காற்றின் வெப்பநிலைக்கே இறங்கிவிட்ட எஞ்சின். கடுங்கோடையிலும் அது அந்நிலையில் இருக்கும். சூடு தணிவதை நாம் ஆறுதல் என்றே சொல்கிறோம் என்பதால், 'ஆறிய தொடக்கம்' என்பது பொருளைச் சரியாகத் தாங்கும். 'ஆறுநிலைத் தொடக்கம்' என்று இறுக்கினால் எண்ணுப்பெயராகப் படிக்கப்படும் என்பதால் அதை நான் விலக்குகிறேன்.

இதைவிட முக்கியமானது உட்பிரிவுகளின் பெயர். வெண்புகை, நீலப்புகை, கரும்புகை என நிறத்தால் பிரிப்பது பார்வைக்கு எளிது, ஆனால் வெண்மைக்குள் மூன்று வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 900 மில்லிலிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அந்த ஆவி ஆறிய குழாயில் குளிர்ந்து நுண்துளிகளாகி வெண்மையாகத் தெரிகிறது, குழாய் சூடேறியதும் மறைந்துவிடுகிறது. இது பழுதின் அடையாளமே அன்று என்பதால், இதற்குப் புகை என்ற சொல்லையே தராமல் 'நீராவி' என்று மட்டும் சொல்ல வேண்டும். ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் சிலிண்டர் தொகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) பழுதாகிக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சிலிண்டருக்குள் இறங்கி வருவது, இனிய மணத்துடன் சூடேறிய பிறகும் நீடிக்கும் 'கூலன்ட் புகை'. டீசல் எஞ்சினில், தொடக்கத்தில் எரியறையைச் சூடாக்கும் க்ளோ ப்ளக் வேலை செய்யாதபோது, கண்ணை எரிக்கும் நெடியோடு வருவது 'எரியா டீசல் புகை'.

நீலத்துக்கு 'எண்ணெய்ப் புகை' போதும். 'வண்டி ஆயில் குடிக்கிறது' என்று மெக்கானிக்குகள் சொல்வதும் அதையேதான். ஆனால் அது எப்போது வருகிறது என்பதையும் பெயர் காட்டினால் காரணத்தை அணுகுவது எளிதாகும். வால்வு சீல் (ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் அடைப்பு) தேய்ந்திருந்தால், எஞ்சின் நின்றிருக்கும்போது ஆயில் வால்வுத் தண்டின் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கித் தேங்கி, இயக்கியதும் ஒரே வீச்சாக எரிந்து தீர்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் சுமை ஏறும்போதெல்லாம் வருகிறது. ஆகவே தொடக்கத்தில் மட்டும் வந்து அடங்குவதற்கு 'வீச்சு', அதன் பிறகும் வருவதற்குத் 'தொடர்' என்ற இரு முன்னொட்டுகளை எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவாக வைக்கலாம் என்பது என் பரிந்துரை.

வீச்சாக வருவதெல்லாம் தீங்கற்றது என்ற எண்ணம் இதனால் பிறந்துவிடக்கூடாது. கேஸ்கெட்டில் சிறு கசிவு மட்டும் இருந்தால், இரவில் சிலிண்டருக்குள் இறங்கிய சிறிதளவு கூலன்ட் தொடக்கத்தில் வெண்மையாக வெளியேறிவிட்டு அடங்கிவிடும். எஞ்சின் சில நொடிகள் திணறி ஓடுவதும், கூலன்ட் மட்டம் நாளுக்கு நாள் குறைவதும்தான் அதை நீராவியிலிருந்து பிரித்துக் காட்டும். அந்த மட்டத்தை எஞ்சின் ஆறிய நிலையில்தான் பார்க்க வேண்டும், சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது என்ற எச்சரிக்கையையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டுகிறேன். ஆயில் மூடியின் அடியில் படியும் வெண்பசையைத் தனிச் சான்றாகக் கொள்ள இயலாது. குறுந்தொலைவே ஓடும் வண்டிகளில் வெறும் ஈரத்தாலும் அது படியும்.

கருமைக்குக் 'கரிப்புகை' என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. ஆறிய பெட்ரோல் எஞ்சினுக்குக் கூடுதல் எரிபொருள் தரப்படுவது இயல்பு. வெப்பநிலை சென்சார் பழுதாகி எஞ்சின் இன்னும் ஆறியே இருப்பதாகக் காட்டினாலோ, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகினாலோ அது அளவு மீறித் தொடர் கரிப்புகையாகிறது.

'கூலன்ட்' என்பதற்குக் 'குளிர்வி' என்ற சொல்லை இதே பதிவில் ஏற்பதா, தனியாக விவாதிப்பதா என்பதைத் தெரிவித்தால், அதற்கேற்ப இப்பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்.