வர்க்கப் பூர்த்தியைப் படம் வரைந்து விளக்குவது எப்படி?

கணித ஆசிரியர்களுக்கு வணக்கம். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகளுக்கு இருபடிச் சமன்பாடு சொல்லித் தருகிறேன். கெழுக்கள் 6, -7, -20 என்றால் (அதாவது 6x² - 7x - 20 = 0), நடு உறுப்பை -15, 8 எனப் பிரித்து, மூலங்கள் 5/2, -4/3 என்று மளமளவென்று போட்டுவிடுகிறாள். 1, 6, -4 என்று (x² + 6x - 4 = 0) கொடுத்தால்தான் தடுமாற்றம். காரணிப்படுத்த முழு எண்கள் அகப்படுவதில்லை.

x² + 6x = 4 என்று எழுதி, இடப்பக்கத்தை ஒரு முழு வர்க்கமாக்கும் வர்க்கப் பூர்த்தியைச் செய்யச் சொன்னால், “6-இல் பாதியை ஏன் எடுக்க வேண்டும் மாமா? 9-ஐ ஏன் இரண்டு பக்கமும் கூட்ட வேண்டும்?” என்கிறாள். அருமையான கேள்வி! மூலங்களைத் தரும் சூத்திரத்தை மனப்பாடம் செய் என்று வாயை அடைக்க எனக்கு மனமில்லை. சூத்திரமே இதிலிருந்துதானே பிறக்கிறது.

பக்கம் x உள்ள சதுரம் வரைந்து, அடுத்தடுத்த இரு பக்கங்களில் 3 அகலப் பட்டைகளை ஒட்டி, மூலையில் விடுபடும் 9-ஐக் காட்டலாம் என்றிருக்கிறேன். நடுக்கெழு குறை எண்ணானால் அதே படத்தை எப்படி வரைவது? வகுப்பில் செய்து பார்த்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.