டார்க் தீம் போட்டா பாதி காம்போனென்ட்ல எழுத்தே தெரியல

கேள்வி
எங்க டீம்ல சொந்தமா ஒரு காம்போனென்ட் லைப்ரரி வெச்சிருக்கோம், பட்டன் கார்டு மோடல்னு நாப்பது இருக்கும். இப்ப ரெண்டாவது பிராண்டுக்கும் அதே தான், கூடவே டார்க் மோடும் வேணுமாம். சாஸ் (பில்ட்ல சிஎஸ்எஸ்ஸா மாறுற ஸ்டைல் மொழி) வேரியபிளா இருந்த கலர எல்லாம் சிஎஸ்எஸ் வேரியபிளா மாத்திட்டு, டார்க்ல 'நீலம்-500'க்கு வேற கலர் குடுத்தேன். பட்டன் சூப்பரா வருது, ஆனா அதே நீலத்த லிங்க்கும் பார்டரும் எடுத்துக்கிட்டதால அங்கெல்லாம் மங்கிப்போச்சு. ஒவ்வொரு காம்போனென்ட்டுக்கும் தனியா டார்க் ரூல் எழுதுறதத் தவிர வழி இருக்கா?

பதில் 1
தனித்தனியா எழுத ஆரம்பிச்சிடாதீங்க ப்ரோ, மூணாவது தீம் வந்தா திரும்பவும் நாப்பதையும் தொடணும். சிக்கல் பேர்ல இருக்கு. 'நீலம்-500' கலரோட பேரு, அது எங்க என்ன வேலை பாக்குதுன்னு அதுல இல்ல. நடுவுல ஒரு அடுக்கு டோக்கன் (வேலைய சொல்ற வேரியபிள் பேரு) போடுங்க, 'பட்டன்-பின்னணி', 'லிங்க்-எழுத்து', 'பார்டர்-லேசு' இந்த மாதிரி, காம்போனென்ட் இத மட்டும் தான் கூப்பிடணும், நீலத்த நேரா தொடவே கூடாது. அப்புறம் தீம்ங்கிறது இந்தப் பேருக்கு எந்தக் கலர்னு சொல்ற பட்டியல் மட்டும் தான், ஹெச்டிஎம்எல் டேக்ல டேட்டா-தீம்ங்கிற அட்ரிப்யூட்ட மாத்தினா மீதிய பிரவுசரே பாத்துக்கும். சாஸ் வேரியபிள் பில்ட்லயே கரைஞ்சிடும், அதான் அதுல இது முடியாது.

இன்னொண்ணு, பின்னணிக்கு பேரு வெச்சா அதுமேல வர்ற எழுத்துக்கும் ஜோடியா வைங்க. ரெண்டாவது பிராண்ட் கலர் மஞ்சளா இருந்தா வெள்ளை எழுத்து படிக்கவே முடியாது. சாதாரண சைஸ் எழுத்துக்கு டபிள்யூசிஏஜி ஏஏ (எல்லாரும் பயன்படுத்துற மாதிரி வெப் இருக்கணும்ங்கிற தரம்) கேக்குற கான்ட்ராஸ்ட் 4.5:1, ஒவ்வொரு தீம்லயும் ஜோடி ஜோடியா செக் பண்ணுங்க.

பதில் 2
மேல சொன்னது கரெக்ட், ஆனா பேஜ்ல ஒரு பகுதிய மட்டும் டார்க் ஆக்கினா ஒரு குழி இருக்கு, நான் ரெண்டு நாள் அதுல மாட்டிக்கிட்டேன். 'லிங்க்-எழுத்து = நீலம்-500'னு ரூட்ல (பேஜோட மேல்மட்ட ஹெச்டிஎம்எல் டேக்) எழுதினா அந்த மதிப்பு ரூட்லயே முடிவாகி அப்படியே கீழ இறங்கிடும், உள்ள இருக்குற டிவ்ல நீலத்த மட்டும் மாத்தினா லிங்க் மாறாது. டேட்டா-தீம் செலக்டர்லயும் அந்த டோக்கன திரும்ப எழுதணும்.

கேள்வி கேட்டவர்
ரொம்ப நன்றி, கார்டுலயும் மோடல்லயும் மாத்திப் பாத்தேன், அருமையா வருது. ஆனா ரீலோட் பண்ணா ஒரு செகண்ட் வெள்ளையா மின்னிட்டு தான் டார்க் வருது?

பதில் 2
தீம லோக்கல் ஸ்டோரேஜ்ல (பிரவுசர் சேமிச்சு வெக்கிற இடம்) இருந்து ரியாக்ட் (பேஜ வரையுற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) வந்தப்புறம் படிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். ஹெட்ல நாலு வரி இன்லைன் ஸ்கிரிப்டா வெச்சு பாடி வரையுறதுக்கு முன்னாடியே டேட்டா-தீம் செட் பண்ணுங்க. அப்படியே கலர்-ஸ்கீம் ப்ராப்பர்ட்டியும் டார்க்னு குடுங்க, இல்லன்னா ஸ்க்ரோல்பார் மட்டும் வெள்ளையா நிக்கும்.