முற்றத்துப் புல்லில் லொறித் தடம்: எப்படிச் சரிசெய்வது?

வணக்கம் உறவுகளே. நாங்கள் இருப்பது கிளிநொச்சியில், இரணைமடுப் பக்கம். கார்த்திகை மழை விட்டு இரண்டாம் நாளே குழாய்க்கிணறு அடிக்கிற லொறி வளவுக்குள் வந்தது. நிலம் காயட்டும் என்று சொல்லியும் கேட்கவில்லை. அம்மா ஏழு வருடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த அறுகம்புல்லில் கேற்றிலிருந்து கிணற்றடி வரை இரண்டு சில்லுத் தடம், ஒரு சாண் ஆழம்.

ஈரத்தில் கை வைத்தால் மண் இன்னும் இறுகும் என்று தை வரை விட்டுவைத்தேன். இப்போது மேல்மண் நொறுங்குகிற பதம். தடத்தின் அடி மட்டும் சீமெந்து போல இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணை ஒரு லோட் கிரவல் பறித்து நிரப்பச் சொல்கிறார். எனக்கு மனமில்லை, கிரவலில் புல் ஒழுங்காக வேரோடாது. புல்லை மண்ணோடு துண்டு துண்டாக வெட்டியெடுத்து, ஈரச்சாக்கால் மூடி நிழலில் வைத்துவிட்டு, அடியை அலவாங்கால் குத்தி இளக்கி, வளவு மண்ணோடு மக்கிய மாட்டெரு கலந்து நிரப்பி, பழையபடி பதிக்கலாம் என்று யோசிக்கிறேன்.

புதுமண் பிறகு இறங்குமே, எவ்வளவு உயர்த்திப் போடுவது? ஒரே தடவையில் நிரப்பலாமா, படைபடையாகவா? பங்குனி வெயிலுக்கு முன் புல் பிடித்துவிடுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அம்மா தினமும் அந்த இடத்தில் போய் நின்று பார்க்கிறார்.