அப்பாவுக்கு லிவரில் கட்டி: பயாப்ஸி இல்லாமலே கேன்சர் என்று சொல்ல முடியுமா?

அப்பாவுக்கு வயது 61, பல வருடமாக ஹெபடைடிஸ் பி, இப்போது சிரோசிஸும் (லிவர் தழும்பேறிச் சுருங்குவது) இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் அல்ட்ராசவுண்டில் இந்தத் தடவை 2.4 செ.மீ. கட்டி தெரிந்தது. உடனே சி.டி. எடுத்தோம். ரிப்போர்ட்டின் கடைசியில் 'எல்.ஆர்-5' என்று போட்டிருக்கிறது. ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியே வேண்டாம், அடுத்து சிகிச்சைதான் என்கிறார் டாக்டர். லிவர் கேன்சரில் ஏறக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனை அளவு வெறும் 6, அப்படியென்றால் கேன்சராக இருக்காது என்று சித்தப்பா அடித்துச் சொல்கிறார். யாரை நம்புவது?

பதில் 1
சி.டி. பிரிவில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, மீதிதான் தமனி. இந்தக் கேன்சர் கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்தே வளரும். அதனால் ரத்த ஓட்டத்தைப் படத்தில் காட்டும் மருந்தைக் கையில் ஏற்றி அரை நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் கட்டி மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், சில நிமிடம் விட்டு எடுத்தால் சுற்றியுள்ள லிவரைவிடக் கறுத்துப் போயிருக்கும். இதைத்தான் வாஷ் அவுட் என்பார்கள். சிரோசிஸோ நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யோ உள்ளவருக்கு இவ்வளவு பெரிய கட்டியில் இரண்டும் சேர்ந்து தெரிந்தால் எல்.ஆர்-5, அதாவது கிட்டத்தட்ட உறுதி. ஏ.எஃப்.பி. நார்மலாக இருப்பதை வைத்து இல்லை என்று சொல்லவே முடியாது, சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

பதில் 2
என் மனைவிக்கும் லிவரில் கட்டி என்றார்கள், ஆனால் அவளுக்கு சிரோசிஸ் எதுவும் கிடையாது. முதலில் மருந்து ஏற்றாமலே ஒரு சி.டி. எடுத்துப் பணம் தண்டம், பத்து நாள் தூக்கமும் போச்சு. அப்புறம் எம்.ஆர்.ஐ.யில் மருந்து ஓரத்தில் திட்டுத் திட்டாகப் பிடித்து மெதுவாக நடுவுக்கு நிறைந்தது, வெறும் ஹீமாஞ்சியோமா, ரத்தக்குழாய் முடிச்சுதான். ஆனால் உங்கள் அப்பா கதை வேறு, இதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

பதில் 3
பயாப்ஸி வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. சிரோசிஸில் ரத்தம் சீக்கிரம் உறையாது, ஊசி போன தடத்தில் கேன்சர் செல் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் கொஞ்சம் இருக்கிறது. சந்தேகம் தீரவில்லை என்றால் லிவர் கேஸ்களையே பார்க்கும் இன்னொரு ரேடியாலஜிஸ்டிடம் படத்தைக் காட்டுங்கள். ஃபிலிம் போதாது, எல்லா ஃபேஸும், அதாவது மருந்து ஏற்றி வெவ்வேறு நேரத்தில் எடுத்த எல்லாப் படமும், உள்ள டிஸ்க் வேண்டும்.

கேட்டவர்
ஃபிலிம் மட்டும்தான் கொடுத்தார்கள். நாளைக் காலையில் போய் டிஸ்க் வாங்கிவிடுகிறேன்.